நாதமும் நாதத்தைச் செய்த கையும்

இறைவன் நாத வடிவினன் என்பது சைவ மக்கள் வழிவழியாகக் கொண்டுள்ள நம்பிக்கை. அதனாலேதான் ஆலயக் கிரியைகளில் மந்திரத்துக்கும் மலருக்கும் தீபத்துக்கும் உள்ள இடம் வாத்தியத்துக்கும் உண்டு. மகோற்சவக் கொடியேற்றத்தின்போது நிகழும் பேரீதாடனத்தை அடியார்கள் பலர் கண்டிருப்பர். பேரிகையை வைத்துப் பூசித்து, ஆசாரியர் தமது கையாற் கோலெடுத்து முதலில் முழக்கி, அதன் பின்னரே வாத்தியகாரரிடம் கோலைக் கொடுப்பார். தேவர்களை விழாவுக்கு அழைக்கும் முழக்கம் அது. அந்த வேளையிற் பேரிகை வெறும் மரமும் தோலும் அன்று, வணங்கத்தக்க பொருள்.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. வணங்கத்தக்க அந்தப் பொருளைச் செய்தவர் யார் என்று அறியவேண்டிய கடமை வணங்குபவர்க்கு உண்டா? அர்ச்சனைக்குப் பூத் தந்த வளவு எது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அபிஷேகப் பால் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதும் தெரியும். திருவிழா விஞ்ஞாபனத்தை எடுத்துப் பார்த்தால் பிரதம குரு முதல் உபயகாரர் வரை பெயர்கள் நிரல்பட நிற்கும். மங்கள வாத்தியம் என்ற தலைப்பின் கீழ் நாதஸ்வர, தவில் வித்துவான்களின் பெயர்கள் அவரவர் பட்டங்களோடு வரும். சாத்துப்படி செய்பவர், மாலை கட்டுபவர், ஒலி ஒளி அமைப்பாளர், ஏன், விஞ்ஞாபனத்தை அச்சிட்ட அச்சகத்தின் பெயர்கூட அடியிற் சிறிய எழுத்தில் இருக்கும். அந்த நாதஸ்வரத்தைக் கடைந்தவர், அந்தத் தவிற் கட்டையைக் குடைந்தவர், அதற்குத் தோல் பதப்படுத்தியவர் ஆகியோரின் பெயர் மட்டும் எங்கும் இராது. இது வேண்டுமென்று விடப்பட்டதன்று. எவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஆனால், தோன்றாமற் போனமைக்கும் ஒரு காரணம் இருக்கத்தான் வேண்டும்.

முதலில் அந்தக் கைகள் செய்யும் வேலை எத்தகையது என்று பார்ப்போம். தமிழ்நாட்டிலே கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையில், ஆடுதுறைக்கு அருகே நரசிங்கம்பேட்டை என்றொரு சிற்றூர் உண்டு. தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரம் செய்யும் ஆசாரிமார் வாழும் ஊர் அது. 2022 ஆம் ஆண்டில் அவ்வூர் நாதஸ்வரத்துக்கு இந்தியாவில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அங்கு நாதஸ்வரத்தின் குழற் பகுதியாகிய உலவை ஆச்சா மரத்திலே கடைகின்றனர். காட்டிலிருந்து புதிதாக வெட்டி வந்த மரம் உதவாது. ஈரப்பசை முற்றாக நீங்காத மரம் பின்னாளில் வெடிக்கும்; வெடிக்காவிட்டாலும் சுருதி பிறழும். ஆகையால் இடிக்கப்படும் பழைய வீடுகளின் தூண்களையும் உத்திரங்களையும் தேடி வாங்குகின்றனர். எத்தனையோ ஆண்டுகள் ஒரு குடும்பத்துக்குக் கூரை தாங்கிய மரம், கடைசலிலே உருண்டு, உள்ளே துளைக்கப்பட்டு, மேலே ஒடுங்கிக் கீழே விரிந்த குழலாகின்றது. விரல் வைத்து வாசிக்கும் துளைகள் ஏழு. அவற்றுக்குக் கீழே பிரம்ம சுரங்கள் எனப்படும் வேறு ஐந்து துளைகள் உண்டு. அவற்றை விரலால் மூடுவதில்லை. வேண்டிய அளவுக்கு மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரிசெய்வர். கீழே அணைசு, மேலே கெண்டை, அதன் நுனியில் நாணற் தட்டையினாற் செய்த சீவாளி. சீவாளி செய்வது அதற்கெனவே தேர்ந்தவர்களின் தனித் தொழில். திருவாவடுதுறை அதற்குப் பேர்போன ஊர்.

ஒரு துளை மயிரிழை மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் சுரம் பிழைக்கும். மரத்திலே இட்ட துளையை மீண்டும் நகர்த்த முடியாது. ஆகவே கையிலே துறப்பணத்தை எடுக்குமுன்னரே காதிலே சுரம் இருக்கவேண்டும். கச்சேரி மேடையில் ஒருநாளும் அமராத இந்த ஆசாரிமாரை வெறும் தச்சர் என்று சொல்லிவிட முடியுமா? சங்கீத ஞானம் என்பது வாசிப்பவர்க்கு மாத்திரம் உரியது என்ற எண்ணம் எவ்வளவு குறைபாடானது என்பதற்கு நரசிங்கம்பேட்டையிலேயே நடந்த ஒரு செய்தி சான்று.

முற்காலத்தில் வழக்கிலிருந்தது திமிரி நாதஸ்வரம். அது நீளத்திற் குறைந்தது, சுருதி உயர்ந்தது. வீதியுலாவில் ஊர் முழுவதும் கேட்கும். நாதஸ்வரச் சக்கரவர்த்தி எனப் போற்றப்பட்ட திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை அவர்கள் நீளமான, தாழ்ந்த சுருதியுடைய பாரி நாதஸ்வரத்தை விரும்பினார். ஆனால் நாதஸ்வரத்திலே ஓர் இடர் இருந்தது. சுத்த மத்தியமம் அதற்குரிய இடத்திற் பேசாது. சற்று உயர்ந்தே ஒலிக்கும். வாசிப்பவர் மூச்சாலும் உதட்டாலும் விரலாலும் அதை அடக்கி அடக்கி இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இராஜரத்தினம் பிள்ளையின் பெயரைச் சொன்னவுடன் இரசிகர்களுக்கு நினைவு வருவது தோடி இராகம். அந்தத் தோடிக்கு உரியது சுத்த மத்தியமம். உலகமே வியந்த அந்த வாசிப்புக்குள் ஒரு சுரத்தோடு நடந்த ஓயாத போராட்டமும் இருந்தது என்பதைக் கேட்டவர்களுள் எத்தனை பேர் அறிந்திருப்பர்? வாசித்தவர் அறிந்திருந்தார். கருவி செய்தவரும் அறிந்திருந்தார்.

நரசிங்கம்பேட்டை இரங்கநாதன் ஆசாரி அவர்கள் அந்தக் குறையைத் தம்முடைய குறையாகவே எடுத்துக்கொண்டார். உலவின் உள்விரிவும் துளைகளின் இடமும் ஒன்றையொன்று பற்றியவை. ஒரு துளையை மாற்றினால் மற்றவை பிழைக்கும். ஆதலால் ஒரு சுரத்தைத் திருத்துவதற்கு முழுக் குழலையும் புதிதாகச் சிந்திக்க வேண்டியிருந்தது. வித்துவான் வாசித்துக் காட்ட, ஆசாரி கேட்டுத் திருத்தி, 1955 ஆம் ஆண்டிலே சுத்த மத்தியமம் செம்மையாகப் பேசும் பாரி நாதஸ்வரம் உருவாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு, 1956 டிசம்பரில், இராஜரத்தினம் பிள்ளை இறைவனடி சேர்ந்தார். அவர் அதை அனுபவித்த காலம் மிகச் சொற்பம். பயனை அனுபவித்தவர்கள் பின்வந்த வித்துவான்களும் அவர்களைக் கேட்ட அடியார்களுமே. பாரி வகையே இன்று பெருவழக்காகிவிட்டது. ஈழத்து ஆலயங்களிலும் அதன் நாதமே கேட்கின்றது.

பெரியபுராணம் அறிந்தவர்களுக்கு இவ்விடத்திலே திருநீலகண்ட யாழ்ப்பாணர் நினைவுக்கு வருவார். தருமபுரத்திலே திருஞானசம்பந்தப் பிள்ளையார் பாடிய பதிகம் யாழில் அடங்காதபோது, பாணனார் அந்த யாழையே உடைக்க ஓங்கினார். பிள்ளையார் அதைத் தடுத்து, கருவியின் அளவிலே வருவதை வாசியும் என்று ஆற்றுப்படுத்தினார். கருவிக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் அதற்காகக் கருவியைப் பழித்தல் தகாது என்பதையும் அங்கே காண்கிறோம். இராஜரத்தினம் பிள்ளையும் கருவியை வெறுக்கவில்லை; செய்தவரிடம் போனார். அந்த எல்லை சற்று அகன்றது.

இனி, ஒரு மறுப்பும் உண்டு. பெயரை வேண்டாமற் செய்வதன்றோ உயர்ந்த தொண்டு? பெருங்கோயில்களைச் செதுக்கிய சிற்பிகள் எத்தனை பேர் தம் பெயரைப் பொறித்தனர்? பலன் கருதாத பணியே பெரும் பணி என்று சாத்திரங்கள் கூறும்போது, பெயர் தேடி அலைவது எதற்கு என்று கேட்பாருளர். இந்த வாதம் கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் இதை எடுத்துச் சொல்பவர் எப்போதும் பெயர் அச்சிடப்பட்ட பக்கத்தில் நிற்பவராகவே இருப்பதுதான் வேடிக்கை. தன் பெயர் வேண்டாம் என்று ஒருவர் தாமே ஒதுங்கினால் அது துறவு. அவர் பெயரை ஒருவரும் கேளாமலே விட்டுவிட்டு அதற்கும் துறவு என்று பெயர் சூட்டுவது நேர்மையாகாது. உபயகாரரின் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தால் விஞ்ஞாபனத்தையே திரும்ப அச்சிட்ட சபைகளும் உண்டல்லவா!

தோன்றாமற் போனமைக்குக் காரணம் என்ன என்று மேலே கேட்கப்பட்டது. அதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. மேளத்துக்குத் தோல் வேண்டும். தவிலின் கட்டை பலாமரத்தைக் குடைந்து செய்வது. அதன் இரு முகங்களுக்கும் விலங்கின் தோல் போர்க்கப்படுகின்றது. மிருதங்கத்திலும் அப்படியே. அதன் இழுவார்களும் தோலே. தோலைத் தொடும் கைகள் தாழ்ந்தவை என்று நெடுங்காலம் எண்ணிய சமூகம், அந்தக் கைகளிலிருந்து பிறந்த ஓசையை மாத்திரம் கருவறை வாசல்வரை அனுமதித்தது. ஓசைக்குத் தீட்டில்லை. செய்தவருக்கு இருந்தது.

இந்த முரணைச் சேக்கிழார் பெருமான் அறியாதவர் அல்லர். திருநாளைப்போவார் என்னும் நந்தனார் புராணத்தைப் புராண படனத்திலே கேட்டவர்கள் திருப்புன்கூரில் நந்தி விலகியதையும் தில்லையில் அவர் தீயிற் புகுந்தெழுந்ததையும் மறவாமல் வைத்திருப்பர். அவர் அதற்கு முன்பு செய்துவந்த தொண்டு யாது என்று கேட்டாற் பலர் தயங்குவர். சிவாலயங்கள்தோறும் பேரிகை முதலிய கருவிகளுக்குப் போர்க்கும் தோலையும் வாரையும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பையும், அர்ச்சனைக்குக் கோரோசனையையும் கொடுத்துவந்தார் என்பதைச் சேக்கிழார் ஒரு முழுப் பாடலில் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லியிருக்கின்றார். அந்த நாயனாரின் தொண்டு வாத்தியத் தொண்டு. உள்ளே முழங்கிய பேரிகை அவர் தந்த தோலாலே முழங்கிற்று. அவரோ வாயிலின் புறத்தே நின்றார். புரட்டாதி உரோகிணியில் அவருக்குக் குருபூசை நடக்கின்றது. அறுபத்து மூவர் வரிசையில் அவரை வணங்கிக்கொண்டே, அவர் செய்த தொழிலைச் செய்பவரை ஆலய வீதியில் ஏறிட்டுப் பாராதிருந்தால் அந்த வணக்கத்துக்குப் பொருள் என்ன?

தோல் என்றவுடன் வேறொரு சங்கடமும் சிலர் மனத்திலே எழும். புலால் மறுத்தலைப் பெரிதாகப் போற்றும் சைவர்கள், விலங்கின் தோலாற் செய்த வாத்தியத்தை இறைவன் திருமுன் முழக்கலாமா? இது நேர்மையான ஐயம். இதற்கு எளிதில் விடை சொல்லிவிட முடியாது. தானே இறந்த விலங்கின் தோல் போதுமே என்று சிலர் சமாதானம் கூறுவர். நல்ல நாதம் தரும் தோலைத் தெரிந்து வாங்குபவர் அவ்வளவு திடமாகச் சொல்லமாட்டார். செயற்கைத் தோல் பூட்டிய மிருதங்கங்களும் இப்போது வந்துவிட்டன. அவற்றை ஏற்போரும் உளர். நாதம் போதாது என்போரும் உளர். எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றை மட்டும் செய்தல் ஆகாது. தோலில் ஒரு குற்றம் உண்டென்றால் அந்தக் குற்றத்திற் கேட்பவனுக்கும் பங்குண்டு. நாதத்தைத் தான் எடுத்துக்கொண்டு பாவத்தைத் தோல் பதப்படுத்தியவர் தலையில் ஏற்றிவைப்பது எந்தத் தருமத்திலும் சேராது.

மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றிப் பாடகர் டி. எம். கிருஷ்ணா எழுதிய செபஸ்தியன் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கில நூல் 2020 ஆம் ஆண்டு வெளிவந்தது. தஞ்சாவூரைச் சேர்ந்த செபஸ்தியன் என்பவரின் வழிவந்த கைவினைஞர்களின் வரலாற்றை அது கூறுகின்றது. இவர்களுட் பலர் தாழ்த்தப்பட்ட சமூகத்திற் பிறந்த கிறிஸ்தவர்கள். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரும் அவருக்காக மிருதங்கம் செய்த பர்லாந்தும் நெடுங்காலம் ஒருவரையொருவர் சார்ந்தே தொழிற்பட்டனர். மணி ஐயரின் பெயரை இசையுலகம் முழுவதும் அறியும். நூலை வெளியிடுவதற்குச் சென்னையில் முதலில் இசைந்திருந்த அரங்கம், மாட்டுத்தோல் பற்றிய பேச்சு எழுந்தவுடன் அந்த இசைவைத் திரும்பப் பெற்றது. வேறோர் இடத்திலே விழா நடந்தது. மாட்டுத்தோலில் வாசிக்கத் தடையில்லை. அதைப் பற்றிப் பேசுவதற்கே இடமில்லாமற் போயிற்று.

இதை இந்தியாவின் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. இலங்கையிலே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 இல் நிறைவேறியது. அதற்குப் பதினொரு ஆண்டுகள் கழித்தும், 1968 இல், மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காக அடியார்கள் வாசலில் நின்று போராட வேண்டியிருந்தது. சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே வந்தவரின் பெயரைக் கேட்கும்படி எந்தச் சட்டமும் ஒருவரையும் பணிக்காது.

ஆலவாயிலே இறைவன் நடந்துகொண்ட விதம் வேறு. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரைக்கு வந்து கோயிலின் புறத்தே நின்று யாழ் வாசித்தார். இறைவன் தொண்டர்களின் கனவிலே தோன்றி, அவரை உள்ளே அழைத்து வரும்படி பணித்தார். அத்துடன் நின்றுவிடவில்லை. நிலத்திலே வைத்தால் ஈரம் தாக்கி யாழின் நரம்புக்கட்டுத் தளரும் என்று எண்ணி, பாணர்க்குப் பொற்பலகை இடும்படி அருளினார். வாசிப்பவரை மாத்திரமன்றிக் கருவியின் நரம்பையும் நினைத்த கருணை அது. ஈரம் பட்டால் நரம்பு என்னாகும் என்பது வாத்தியம் செய்பவர் அறியும் செய்தி. எம்பெருமான் அதை அறிந்தவராகப் பேசுகின்றார் என்பதிலே எத்துணை அழகு!

இக்காலத்தில் ஆலயங்களிலே மின்சார மேளம் இடம்பிடித்துவிட்டது. ஆளியை அமுக்கினால் முரசும் மணியும் சேகண்டியும் ஒருங்கே முழங்கும். சிறிய ஆலயத்தில் நாள்தோறும் பூசைக்கு மேளகாரரை வைத்துக்கொள்ள வருமானம் போதாது, ஆளும் கிடைப்பதில்லை. ஆகவே அதை வாங்கிய சபைகளைக் குறைகூறுவது எளிது. சம்பளக் கணக்கைப் பார்த்தவர்கள் அவ்வளவு விரைவில் குறைகூற மாட்டார்கள். ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மேளகாரர் வீட்டிலே இருந்தால், தவில் பழுதாகாது. தவில் பழுதாகாவிட்டால் தோல் மாற்றுபவருக்கு வேலையில்லை. வேலையில்லாத தொழிலை மகன் பழகமாட்டான். மகோற்சவத்துக்கு மாத்திரம் பெரிய கூட்டமாகத் தவிற்சமா வேண்டும் என்று விரும்பும் ஊர், மற்றைய மாதங்களில் அந்தத் தொழில் எதைத் தின்று உயிர் வாழும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

இதனால் மின்சாரக் கருவிகள் எல்லாம் தீயவை என்று கொள்ளுதலும் பிழை. நாதஸ்வரத்துக்குச் சுருதி கூட்டுவதற்கு முன்பு ஒத்து என்ற குழல் இருந்தது. அதை ஊதுபவர் மூச்சு அறாமல் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்கவேண்டும். இன்று அந்த இடத்திலே இருப்பது சுருதிப் பெட்டி. இலத்திரனியல் சுருதிப் பெட்டியையும் தம்பூராவையும் 1970களில் உருவாக்கியவர்களுள் முன்னோடி பெங்களூரைச் சேர்ந்த ஜி. ராஜ் நாராயண். அவர் பொறியியலாளர், அதே வேளை முறையாகக் கற்ற புல்லாங்குழற் கலைஞர். சுருதியில்லாமல் வாசிப்பதன் துன்பத்தை அனுபவித்த ஒருவரே அந்தப் பெட்டியைச் செய்தார். அதனாலேதான் கலைஞர்கள் அதை ஏற்றனர். மரமா மின்சாரமா என்பது இங்கே முதற் கேள்வியன்று. செய்தவர் நாதத்தைக் காதலித்தாரா, வாசிப்பவரோடு அமர்ந்து கேட்டாரா என்பதே கேட்கத்தக்கது. மின்சார மேளத்தின் கோல் ஒரே அளவில் விழுந்துகொண்டிருப்பதைக் கேட்பவர்களுக்கு விடை தானே தெரியும்.

தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி (1933–1975), அளவெட்டி என். கே. பத்மநாதன் ஆகியோரின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படாத ஈழத்துச் சைவர் இல்லை. அளவெட்டியும் இணுவிலும் மாவிட்டபுரமும் இந்தக் கலையாலே பெயர் பெற்றன. தட்சணாமூர்த்தியின் விரல்களைப் பற்றி எழுதியவர்கள் பலர். அந்த விரல்கள் விழுந்த பலாக்கட்டையைக் குடைந்தவர் யார், தோல் பூட்டியவர் யார் என்று எழுதியவர்களைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

இவற்றையெல்லாம் மாற்றுவதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை. விஞ்ஞாபனத்திலே மங்கள வாத்தியம் என்பதன் கீழ் இன்னும் ஒரு வரி போதும். ஆலயத்துக்குச் சொந்தமான பேரிகைக்குத் தோல் மாற்றும்போது கூலியைக் கையில் வைத்து வெளிவாசலிலே அனுப்பாமல், கொடியேற்றத்தன்று அவரைக் குடும்பத்தோடு அழைத்து, பேரீதாடனத்தின்போது முன்னே நிறுத்திக் காளாஞ்சி கொடுக்கலாம். வாணி விழாவிலே வாத்தியங்களை வைத்துப் பூசிக்கும்போது பிள்ளைகளுக்கு அவற்றின் உறுப்புகளையும் அவற்றைச் செய்யும் முறையையும் ஒருவர் எடுத்துச் சொல்லலாம். செய்தவரின் பெயரை எங்கே தேடுவது என்று கேட்கவேண்டியதில்லை. நாதஸ்வர வித்துவானிடமோ தவில் வித்துவானிடமோ பூசை முடிந்து அவர் கருவியை உறையில் இடும் நேரத்தில் கேட்டாற் போதும். எந்த ஊரில், யார் கையால், எந்த ஆண்டு வாங்கியது, முதலில் எந்தச் சுரம் பேசவில்லை, அதை அவர் எப்படித் திருத்திக் கொடுத்தார் என்று எல்லாம் சொல்வார். அவர் அதை ஒருநாளும் மறந்ததில்லை, கேட்டவர்தான் இல்லை.